120 படிவங்கள் கையில் இருக்கின்றன, எந்த டெஸ்ட் போடுவது?

கேட்டவர் முதுகலை உளவியல் இறுதியாண்டு மாணவர். ஆய்வுத் தலைப்பு 'கைபேசிப் பயன்பாடும் மனப்பதற்றமும்'. 120 கல்லூரி மாணவர்களிடம் படிவம் நிரப்பி வாங்கியாகிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கைபேசி பார்க்கிறார்கள், 20 வரிகள் கொண்ட பதற்ற அளவுகோலில் என்ன மதிப்பெண், ஆணா பெண்ணா, விடுதியா வீடா என்ற விவரங்கள் எல்லாம் இருக்கின்றன. 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ன?' என்று நெறியாளர் கேட்கிறார். ஒரு நண்பர் டி-டெஸ்ட் என்கிறார், இன்னொருவர் ரிக்ரெஷன் என்கிறார். எது சரி?

இப்போதைக்கு இரண்டும் சரி, இரண்டும் தப்பு. உங்களிடம் தலைப்பு இருக்கிறது, தரவு இருக்கிறது, கேள்வி மட்டும் இல்லை. 'கைபேசிப் பயன்பாடும் மனப்பதற்றமும்' என்பதில் அந்த 'உம்'களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லி ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் எந்த டெஸ்ட் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். எழுதாதவரை யாரிடம் கேட்டாலும் அவரவருக்குப் பழக்கமான டெஸ்ட்டைத்தான் சொல்வார்கள்.

இதே தலைப்பில் எத்தனை வாக்கியம் எழுதலாம் என்று பாருங்கள்.

'அதிக நேரம் கைபேசி பார்க்கும் மாணவர்களுக்குப் பதற்ற மதிப்பெண்ணும் அதிகமாக இருக்கிறதா?' இதில் இரண்டு எண்கள் இருக்கின்றன, இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே தடவை எடுத்தவை. ஒட்டுறவு (கோரிலேஷன்) போதும், அதாவது இரண்டும் எந்த அளவு சேர்ந்து மாறுகின்றன என்று -1 முதல் 1 வரை சொல்லும் எண். விடுதி, பாலினம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த உறவு நிற்கிறதா என்று கேட்டால் ரிக்ரெஷன். 'விடுதி மாணவர்களின் பதற்றம் வீட்டிலிருந்து வருபவர்களின் பதற்றத்தைவிட அதிகமா?' என்றால் இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒரு சராசரி வித்தியாசம். அது டி-டெஸ்ட். (மென்பொருளில் வெல்ச் வகையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு குழுக்களின் பரவலும் சமம் என்று அது எடுத்துக்கொள்வதில்லை. அதனால் பெரிதாக எதையும் இழக்கவும் மாட்டீர்கள்.) 'விடுதியில் இருப்பதற்கும் பெண்ணாக இருப்பதற்கும் தொடர்பு உண்டா?' என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டால், இரண்டும் வகைப்பாடு என்பதால் கை-ஸ்கொயர்.

இனி அடுத்த இரண்டு. பார்வைக்கு முதல் கேள்வி மாதிரியே இருக்கும், ஆனால் வேறு. 'ஒரு மாணவர், தான் வழக்கத்தைவிட அதிகமாகக் கைபேசி பார்த்த நாட்களில் கூடுதல் பதற்றமாக உணர்கிறாரா?' இது ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய கேள்வி அல்ல. ஒரே ஆளுக்குள் நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கத்தைப் பற்றியது. இதற்குத் தட்டச்சு நல்ல உதாரணம். வேகமாகத் தட்டச்சு செய்பவர்கள் பொதுவாகப் பிழை குறைவாகச் செய்வார்கள், ஏனென்றால் அவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் எந்த ஒருவரும் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டினால் பிழை கூடும். அதே இரண்டு மாறிகள்தான். ஆட்களுக்கிடையே பார்த்தால் உறவு ஒரு திசை, ஆளுக்குள்ளே பார்த்தால் எதிர்த் திசை. ஆளுக்கு ஒரே தடவை வாங்கிய 120 படிவங்களை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. ஒவ்வொருவரிடமும் இரண்டு வாரம் தினசரிக் குறிப்பு வாங்கி, பலநிலை மாதிரி எனப்படும் மல்டிலெவல் பகுப்பாய்வு செய்ய வேண்டும்.

இன்னொன்று: 'கைபேசி நேரத்தைக் குறைத்தால் பதற்றம் குறையுமா?' இது காரணம் கேட்கும் கேள்வி. சமவாய்ப்பு முறையில் பாதிப்பேரைக் குறைக்கச் சொல்லி, மீதிப்பேரை வழக்கம்போல் விட்டுவிட்டு, முன்னும் பின்னும் அளக்க வேண்டும். பகுப்பாய்வில் பின்மதிப்பெண்ணை ஒப்பிடுவீர்கள், முன்மதிப்பெண்ணை உடன்மாறியாக வைத்து, அதாவது தொடக்கத்தில் இருந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்து. உங்கள் படிவங்கள் இதற்கும் உதவாது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் 'எனவே மாணவர்கள் கைபேசி பார்ப்பதைக் குறைக்க வேண்டும்' என்று ஒரு பரிந்துரை எழுதத் தோன்றும். அதை எழுதாதீர்கள். பதற்றமாக இருப்பவர்கள்தான் கைபேசியை அதிகம் எடுக்கிறார்களோ என்னவோ, உங்கள் தரவுக்குத் தெரியாது.

கேள்வி பகுப்பாய்வை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு, புள்ளியியலில் நூறு வருடமாகச் சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. பலர் இதைத் துணுக்காகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், நடுவில் இருக்கும் கணக்கைச் சொல்வதில்லை. 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் வேலை பார்த்தார். அங்கே பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்த மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா, தேநீர் ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். ஃபிஷர் இதை 1935-ல் வந்த தன் நூலில் ஒரு சோதனையாக வடிவமைத்துக் காட்டினார். மொத்தம் 8 கோப்பைகள். 4-ல் பால் முதலில், 4-ல் தேநீர் முதலில், வரிசை சமவாய்ப்பில். பால் முதலில் ஊற்றிய நான்கும் எவை என்று அவர் பிரித்துக் காட்ட வேண்டும். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு, அதில் ஒன்றுதான் முழுக்கச் சரி. வெறும் ஊகத்தில் நான்கையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70-ல் 1, சுமார் 0.014. ஒரே ஒரு ஜோடி மாறிப்போனால்? அப்படித் தவற 16 வழிகள் உண்டு. முழுச் சரியையும் சேர்த்தால் 70-ல் 17, கிட்டத்தட்ட 0.24. அதாவது ஒரு ஜோடி தவறினாலே அவர் கூற்றுக்குச் சான்று இல்லை என்றாகிவிடும். இது கோப்பையில் எதையும் ஊற்றும் முன்பே தெரிந்துவிட்டது. எந்த டெஸ்ட் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, கேள்வியும் வடிவமைப்பும் அதைச் சொல்லிவிட்டன.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதல் கேள்வியை, ஒட்டுறவுக் கேள்வியை, எடுத்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டி-டெஸ்ட் சொன்ன நண்பர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மணி நேரத்தை நடுவில் வெட்டி 'அதிகப் பயனர்', 'குறைந்த பயனர்' என்று இரண்டு குழு ஆக்கி ஒப்பிடச் சொல்லியிருப்பார். ஆய்வேடுகளில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இடைநிலை 5 மணி நேரம் என்றால் 4.9 மணி நேரம் பார்ப்பவரும் அரை மணி நேரம் பார்ப்பவரும் ஒரே குழு. 5.1 மணி நேரம் பார்ப்பவர் வேறு குழு. இது நம்பும்படியாகவா இருக்கிறது? இதற்கு விலையும் உண்டு. இயல்நிலைப் பரவல் (மணி வடிவப் பரவல்) உள்ள மாறியை நடுவில் வெட்டினால் ஒட்டுறவு ஏறக்குறைய 0.8 மடங்காகச் சுருங்கும். 0.30 இருந்தது 0.24 ஆகிவிடும். 0.30-ஐ 80 சதவீத வாய்ப்புடன் கண்டுபிடிக்கச் சுமார் 85 பேர் போதும், 0.24-க்குச் சுமார் 135 பேர் வேண்டும். வெயிலில் அலைந்து வாங்கிய படிவங்களில் மூன்றில் ஒரு பங்கைக் குப்பையில் போட்டது மாதிரிதான். எண்ணாக வாங்கியதை எண்ணாகவே விடுங்கள்.

அந்த 80 சதவீதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதைத்தான் பவர் என்கிறோம்: உண்மையிலேயே உறவு இருந்தால் அதைப் பிடித்துவிடும் வாய்ப்பு. ஜேக்கப் கோஹன் 1962-ல் ஓர் உளவியல் இதழின் ஒரு வருடக் கட்டுரைகளை எடுத்துக் கணக்குப் போட்டார். நடுத்தர அளவு விளைவைப் பிடிக்கும் வாய்ப்பு அவற்றில் சராசரியாக 0.48 தான் இருந்தது. நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மோசம்! உங்கள் 120 பேரை வைத்து 80 சதவீத வாய்ப்புடன் பிடிக்கக்கூடிய மிகச் சிறிய ஒட்டுறவு சுமார் 0.25. அதைவிடச் சிறிய உறவு கண்ணில் படாமல் நழுவ நிறைய வாய்ப்பு உண்டு.

இந்தத் துறையில் எவ்வளவு பெரிய உறவை எதிர்பார்க்கலாம்? ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று பெரிய கணக்கெடுப்புகளிலிருந்து 3,55,358 வளரிளம் பருவத்தினரின் தரவை எடுத்தார்கள். டிஜிட்டல் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கும் மனநலத்துக்கும் உள்ள உறவை, நியாயமாகச் செய்யக்கூடிய எல்லா வழிகளிலும், ஆயிரக்கணக்கான தடவை பகுப்பாய்வு செய்தார்கள். உறவு எதிர்மறைதான், ஆனால் மனநல வேறுபாட்டில் அது விளக்கியது அதிகபட்சம் 0.4 சதவீதம். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் ஏறக்குறைய அதே அளவு எதிர்மறை உறவு அந்தத் தரவில் இருந்தது. 0.4 சதவீதம் என்பதை ஒட்டுறவாக மாற்றினால் சுமார் 0.06. அதைப் பிடிக்க 2,000 பேருக்கு மேல் வேண்டும். அவர்கள் அளந்தது பொதுவான மனநலம், நீங்கள் அளந்தது பதற்றம். ஆனாலும் இந்த எண்ணை ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள். நீங்கள் பெரிய உறவு ஒன்றைக் கண்டால் அது ஏன் இவ்வளவு பெரிதாக வந்தது என்று தேர்வாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். மென்பொருளில் பொத்தானை அழுத்துகிறீர்கள். ஒட்டுறவு 0.18, பி-மதிப்பு 0.049. வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே வந்துவிட்டது என்று மகிழ்ச்சியில் துள்ளுகிறீர்கள், 'குறிப்பிடத்தக்கது' என்பதற்கான நட்சத்திரக் குறி போட்டு அட்டவணையில் ஏற்றுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த 0.18-க்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் போட்டுப் பாருங்கள்: சுமார் 0.00 முதல் 0.35 வரை. உறவு அறவே இல்லை என்பதிலிருந்து நல்ல கனமான உறவு என்பது வரை அத்தனையும் உங்கள் தரவோடு ஒத்துப்போகிறது. இன்னொரு மாணவர் இன்னொரு 120 பேரிடம் கேட்டு 0.17 வாங்கினால் அவருடைய பி-மதிப்பு 0.06. அவர் 'உறவு இல்லை' என்று எழுதுவார், நீங்கள் 'உறவு உண்டு' என்று எழுதுவீர்கள். இரண்டு பேர் கண்டதும் ஒன்றேதான். பி-மதிப்பு என்பது 'என் கருதுகோள் தவறாக இருக்கும் வாய்ப்பு' அல்ல. உறவே இல்லாத உலகத்தில், இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய ஒட்டுறவு தற்செயலாக எத்தனை தடவை வரும் என்பதுதான் அது. 2016-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே இதைத் தெளிவுபடுத்தி அறிக்கை விட வேண்டியிருந்தது என்றால், குழப்பம் மாணவர்களிடம் மட்டும் இல்லை என்று புரியும்.

இதோடு பிறந்த இன்னொரு தவறு உண்டு, அதில் பேராசிரியர்களே விழுகிறார்கள். 60 ஆண்களிடம் ஒட்டுறவு 0.28, பி-மதிப்பு 0.03. 60 பெண்களிடம் 0.20, பி-மதிப்பு 0.125. உடனே 'கைபேசி ஆண்களைப் பாதிக்கிறது, பெண்களைப் பாதிக்கவில்லை' என்று ஒரு பத்தி எழுதிவிடுவார்கள். அந்த 0.28-க்கும் 0.20-க்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது சோதித்தார்களா? சோதித்தால் பி-மதிப்பு சுமார் 0.65 வரும், வித்தியாசம் இருப்பதற்குச் சான்றே இல்லை. பாலின வேறுபாடுதான் கேள்வி என்றால், ரிக்ரெஷனில் கைபேசி நேரத்தையும் பாலினத்தையும் பெருக்கி ஓர் இடைவினை உறுப்பாகச் சேர்த்து, அதைச் சோதிக்க வேண்டும். இந்தப் பிழை எவ்வளவு பரவலானது என்று நரம்பறிவியல் இதழ்களில் 2011-ல் தேடிப் பார்த்தார்கள். இப்படி ஒப்பிட வேண்டிய சூழல் இருந்த 157 கட்டுரைகளில் 79 கட்டுரைகள் தவறாகவே செய்திருந்தன.

அப்புறம், இருக்கிற மாறிகளையெல்லாம் ஒன்றோடொன்று மோதவிட்டு எது நட்சத்திரக் குறியோடு வருகிறது என்று பார்க்கும் ஆசை. உங்கள் நண்பர்கள் இதை 'டேட்டாவைப் பேசவிடுவது' என்பார்கள். எந்த உறவும் இல்லாத தரவில் தனித்தனியாக 20 சோதனை செய்தால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வரும் வாய்ப்பு 64 சதவீதம். சிம்மன்ஸ், நெல்சன், சைமன்ஸன் என்ற மூவர் 2011-ல் இதைக் கிண்டலாகவே நிரூபித்தார்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்களின் வயது, வேறு பாட்டு கேட்டவர்களின் வயதைவிட ஏறக்குறைய ஒன்றரை வருடம் குறைந்துவிட்டது என்று முறைப்படியான சோதனையில் காட்டினார்கள். ஆம், பிறந்த தேதிப்படியான வயதுதான்! பொய் எதுவும் சொல்லவில்லை. எந்த மாறியைச் சேர்ப்பது, எப்போது ஆள் சேர்ப்பதை நிறுத்துவது, எந்தக் குழுவைச் சொல்லாமல் விடுவது என்று ஆய்வாளருக்கு இருக்கும் சின்னச் சின்னச் சுதந்திரங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்படி நான்கு சுதந்திரங்கள் சேர்ந்தாலே தவறான கண்டுபிடிப்பின் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து சுமார் 61 சதவீதத்துக்கு ஏறிவிடும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார்கள். நான்கு வருடம் கழித்து, வெளியான 100 உளவியல் ஆய்வுகளை ஒரு பெரிய குழு திரும்பச் செய்து பார்த்தது. முதலில் 97 சதவீதம் 'குறிப்பிடத்தக்க' முடிவு காட்டியவை, மறுமுறை 36 சதவீதம்தான் காட்டின.

தேடிப் பார்ப்பது குற்றம் இல்லை. தேடிக் கண்டதை, முதலிலேயே எதிர்பார்த்தது போல எழுதுவதுதான் குற்றம். ஆய்வேட்டில் 'முன்பே தீர்மானித்த பகுப்பாய்வு', 'தேடலுக்காகச் செய்தவை' என்று இரண்டு பகுதி வையுங்கள். எந்தத் தேர்வாளரும் இதற்காக மதிப்பெண் குறைத்து நான் பார்த்ததில்லை.

சில்லறைச் சந்தேகங்கள் சில, வேகமாக. 'லிக்கர்ட் அளவுகோல் (ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 5 வரை என்பது போல விடை குறிப்பது) வரிசைப்படியானது, சராசரி போடலாமா?' ஒற்றை வரியை வைத்து என்றால் தயங்குங்கள். 20 வரிகளின் கூட்டுத்தொகை என்றால் போடலாம், உலகமே அப்படித்தான் செய்கிறது. 'தரவு இயல்நிலைப் பரவலில் இல்லை, என்ன செய்வது?' ரிக்ரெஷனுக்கு இயல்நிலையில் இருக்க வேண்டியவை எச்சங்கள் (கணித்த மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வித்தியாசங்கள்), மூலத்தரவு அல்ல. 120 பேர் இருக்கும்போது சிறு கோணலுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். 'மீடியேஷன் போடட்டுமா, நன்றாக இருக்குமே?' வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் அளந்துவிட்டு, இது அதன் வழியாக அதைப் பாதித்தது என்று அம்புக்குறி வரைவது படம் வரையும் வேலை. 'ஒரு மாணவருக்குத் தன் கைபேசியோடு என்னதான் உறவு?' என்பதுதான் உங்களுக்கு உண்மையில் சுவாரசியமாக இருக்கிறது என்றால், அதற்கு நேர்காணல்தான் வழி, எந்த டெஸ்ட்டும் இல்லை.

அளவீட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாக. 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?' என்று கேட்டு வாங்கிய எண், கைபேசியே பதிவுசெய்யும் திரைநேரத்தோடு மிதமாகத்தான் ஒத்துப்போகும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பதற்றமாக இருப்பவர்கள் தங்கள் பயன்பாட்டைக் கூட்டிச் சொல்லவும் வாய்ப்புண்டு. ஆகவே உங்கள் வாக்கியத்தில் 'கைபேசிப் பயன்பாடு' என்று இருக்கும் இடத்தில் 'தாமே மதிப்பிட்டுச் சொன்ன கைபேசி நேரம்' என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் நீங்கள் அளந்தது அதைத்தான்.

பதற்ற அளவுகோலைப் பொறுத்தவரை என் சொந்த அனுபவம் ஒன்று. என் முதல் ஆய்வில் க்ரோன்பாக் ஆல்ஃபா, அதாவது அளவுகோலின் வரிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண், 0.41 வந்தது. அளவுகோலே சரியில்லை என்று நினைத்து, இரண்டு நாள் அதைத் திட்டி ஒரு பத்தியும் எழுதிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, 'நான் நிதானமாக உணர்கிறேன்' போன்ற எதிர்த்திசை வரிகளைத் திருப்ப மறந்திருந்தேன். 1 முதல் 5 வரையான விடை என்றால், அந்த வரிகளுக்கு 6-லிருந்து விடையைக் கழிக்க வேண்டும். கழித்ததும் ஆல்ஃபா 0.83. நீங்கள் பொத்தானை அழுத்தும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

இரண்டாவது வேலை, வாக்கியத்தை எழுதுவது. உங்கள் படிவங்கள் தாங்கக்கூடிய வாக்கியம் இப்படி இருக்கும்: 'கல்லூரி மாணவர்களிடையே, தாமே மதிப்பிட்டுச் சொன்ன தினசரிக் கைபேசி நேரத்துக்கும் பதற்ற மதிப்பெண்ணுக்கும், பாலினத்தையும் தங்குமிடத்தையும் கணக்கில் எடுத்த பிறகு, எவ்வளவு உறவு இருக்கிறது?' 'உறவு உண்டா' என்று கேட்காமல் 'எவ்வளவு' என்று கேட்டிருப்பதைக் கவனியுங்கள். பதிலாக ஓர் எண்ணும் அதன் இடைவெளியும் வரும், அது எந்தப் பக்கம் விழுந்தாலும் ஆய்வேடு நிற்கும். பகுப்பாய்வு, பலமாறி ரிக்ரெஷன். நெறியாளரிடம் இந்த வாக்கியத்தைக் காட்டிவிட்டு அப்புறம் டெஸ்ட் பெயரைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சிதறல் வரைபடம். 1973-ல் ஃப்ரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு தரவுத் தொகுப்புகளைச் செய்து காட்டினார். நான்கிலும் ஒட்டுறவு 0.816, சராசரிகளும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டும் ஒரே ஒரு விலகிய புள்ளியால் வந்தவை. உங்கள் 120 புள்ளிகளையும் வரையுங்கள். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்று எழுதியவர் ஒருவராவது இருப்பார். அவரை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்பதை, ஒட்டுறவு எவ்வளவு என்று பார்க்கும் முன்பே முடிவுசெய்து, காரணத்தோடு எழுதி, தேதி போட்டு வைத்துவிடுங்கள்.